பிசிஷியன் அசிஸ்டண்ட் படிப்பு: இடம் கிடைத்த பிறகு, வகுப்பு தொடங்கும் முன்பு



பிளஸ் டூ முடிவுகள் வந்த பிறகு, ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது பெற்றோர்கள் கேட்கும் கேள்விகள் சில வருடங்களாக மாறியிருக்கின்றன. முன்பெல்லாம் எம்பிபிஎஸ் அல்லது இன்ஜினியரிங், இரண்டே இரண்டுதான். இப்போது மருத்துவம் சார்ந்த மற்ற படிப்புகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அதில் அடிக்கடி காதில் விழுவது பி.எஸ்சி. பிசிஷியன் அசிஸ்டண்ட். "ஹஜ்ரத், மகனுக்கு டாக்டர் கோர்ஸ் மாதிரியே ஒண்ணு கிடைச்சிருக்கு, துஆ செய்யுங்க" என்கிறார்கள். துஆ செய்கிறோம். ஆனால் 'டாக்டர் கோர்ஸ் மாதிரியே' என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் பின்னால் வரும் பல சிக்கல்கள் ஒளிந்திருக்கின்றன.

இது நல்ல படிப்பு. நம் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் பொருத்தமானது. ஆனால் எதற்குத் தயாராகிறோம் என்று தெரியாமல் போகிறவர்களில் சிலர் முதல் வருடத்திலேயே மனம் உடைந்து திரும்புகிறார்கள். வேறு சிலர் படித்து முடித்துவிட்டு நிற்கக்கூடாத இடத்தில் போய் நிற்கிறார்கள். இடம் உறுதியானதற்கும் முதல் வகுப்புக்கும் நடுவில் சில வாரங்கள் கிடைக்கின்றன. அவற்றை மொபைலிலும் விருந்திலும் கழித்துவிடாமல் பிள்ளை என்ன செய்யலாம், பெற்றோர் எதை விசாரிக்கலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவம் படித்தவன் அல்ல. மதரஸாவிலும் பிறகு கலைக் கல்லூரியிலும் படித்தவன். இந்தத் துறையில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் சிலரோடு பேசியதிலும் படித்ததிலும் தெளிவானதை மட்டும் சொல்கிறேன்.

இவர் யார்?

இந்தப் பணி முதலில் அமெரிக்காவில் தோன்றியது. 1965-ல் வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட் இதைத் தொடங்கினார். அப்போது அங்கே டாக்டர்கள் பற்றாக்குறை. கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்து திரும்பியவர்களிடம் அனுபவம் இருந்தது, ஆனால் ஊரில் அதைப் பயன்படுத்த ஒரு பதவி இல்லை. அப்படிப்பட்ட நால்வரைத்தான் அவர் முதலில் சேர்த்துக்கொண்டார். இந்தியாவுக்கு இந்தப் படிப்பு 1992-ல் வந்தது, வந்த இடமும் நம் சென்னைதான். மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இதய அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் கே.எம். செரியன் இதைத் தொடங்கி வைத்தார். இன்று தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள கல்லூரிகளிலும் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும் நடக்கிறது. மூன்று வருடம் படிப்பு, ஒரு வருடம் மருத்துவமனைப் பயிற்சி, ஆக நான்கு வருடம்.

வேலை என்ன? பெரிய மருத்துவமனையில் நம் வீட்டு நோயாளியைச் சேர்த்தால், பெரிய டாக்டர் வருவதற்கு முன் ஒருவர் வந்து விவரமாக விசாரித்து எழுதிக்கொள்கிறார் அல்லவா? ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டதா என்று பார்த்து டாக்டருக்குச் சொல்கிறார். ஆபரேஷனுக்கு முன் நோயாளியைத் தயார் செய்கிறார். ரவுண்ட்ஸில் கூடவே நடக்கிறார். டிஸ்சார்ஜ் எழுதுகிறார். "இந்த மாத்திரையை எப்போது சாப்பிடணும்" என்று குடும்பத்தாருக்கு விளக்குகிறார். பல மருத்துவமனைகளில் அவர் பிசிஷியன் அசிஸ்டண்ட்டாக இருக்கலாம். இதய பைபாஸ் ஆபரேஷனில், ஒட்டுப் போடுவதற்குத் தேவையான ரத்தக்குழாயை நோயாளியின் காலிலிருந்து எடுத்துக் கொடுப்பதும் பயிற்சி பெற்ற பிசிஷியன் அசிஸ்டண்ட் செய்யும் வேலைகளில் ஒன்று. சாதாரண வேலை அல்ல. ஆனால் இவை எல்லாமே ஒரு டாக்டரின் பொறுப்பில், அவர் மேற்பார்வையில் நடப்பவை. தனியாக கிளினிக் வைப்பதோ, தன் பெயரில் மருந்துச் சீட்டு எழுதுவதோ இந்தப் பட்டத்தில் இல்லை.

'டாக்டர்' என்று கூப்பிடாதீர்கள்

முதல் தயாரிப்பு வீட்டில்தான் தொடங்க வேண்டும். அதையும் பெற்றோர்தான் செய்ய வேண்டும். இடம் கிடைத்த அன்றே உறவினர்கள் பிள்ளையை 'டாக்டரே' என்று கூப்பிட ஆரம்பித்துவிடுகிறார்கள். அன்பில் சொல்வதுதான். ஆனால் நான்கு வருடம் இப்படிக் கேட்டு வளர்ந்த பிள்ளை படித்து முடித்து ஊருக்கு வந்தால், பக்கத்து வீட்டுக்காரர் காய்ச்சலோடு வந்து நிற்பார். முதலில் ஒரு மாத்திரை சொல்வான். பிறகு ஒரு ஊசி. பிறகு தெருமுனையில் ஒரு அறை. இது எங்கே போய் முடியும் என்பதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 2019-ம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 34-வது பிரிவின்படி, மருத்துவராகப் பதிவு பெறாதவர் மருத்துவம் பார்த்தால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சட்டத்தை விடுங்கள், உயிரைப் பாருங்கள். பிரிட்டனில் 2022-ல் 30 வயதுப் பெண் ஒருவர் கெண்டைக்கால் வலியோடு கிளினிக்குக்குப் போனார். இரண்டு முறை அவரைப் பார்த்தவர் பிசிஷியன் அசோசியேட். அப்போது அங்கே இந்தப் பணிக்கு அதுதான் பெயராக இருந்தது. தான் பார்த்தது டாக்டரை அல்ல என்பது அந்தப் பெண்ணுக்குக் கடைசி வரை தெரியவில்லை. ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அவர் இறந்தார். இது போன்ற மரணங்களுக்குப் பிறகு அங்கே பெரிய விவாதம் எழுந்தது. அரசு அமைத்த லெங் ஆய்வு 2025 ஜூலையில் அறிக்கை கொடுத்தது. நோயாளிகள் குழம்பாமல் இருக்க 'அசோசியேட்' என்ற பெயரை மறுபடியும் 'அசிஸ்டண்ட்' என்று மாற்ற வேண்டும், இன்ன நோய் என்று கண்டறியப்படாத நோயாளிகளை இவர்கள் தாங்களாகவே பார்ப்பதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பவை அதன் முக்கியப் பரிந்துரைகள். ஒரு பெயரில் இவ்வளவு இருக்கிறது.

மருத்துவம் அறியாத ஒருவர் மருத்துவம் செய்து கேடு விளைந்தால் அதற்கு அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் வரும் நபிமொழி அபூதாவூதிலும் இப்னு மாஜாவிலும் பதிவாகியுள்ளது. ஃபிக்ஹ் நூல்களில் இதை வைத்து இழப்பீட்டுச் சட்டமே பேசப்பட்டிருக்கிறது. ஆகவே பிள்ளைக்கு வகுப்பு தொடங்கும் முன்பே ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பழக்குங்கள்: "நான் டாக்டர் இல்லை, டாக்டரோடு வேலை செய்கிற பிசிஷியன் அசிஸ்டண்ட்." நோயாளியின் கட்டில் அருகே முதலில் சொல்ல வேண்டிய வாக்கியமும் இதுதான். இதைக் கூச்சமில்லாமல் சொல்ல முடியாத பிள்ளை, எம்பிபிஎஸ் கிடைக்காத ஏக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு இந்தப் படிப்புக்குப் போகிறான் என்று அர்த்தம். அந்த ஏக்கத்தைப் பற்றி இப்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள். வேண்டுமானால் இன்னொரு வருடம் நீட் எழுதட்டும். இரண்டு மனதோடு நான்கு வருடம் ஓட்டுவது கஷ்டம்.

பணம் கட்டும் முன்

சேர்க்கைக்கு பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் (அல்லது தாவரவியலும் விலங்கியலும்) படித்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு நடத்தும் கலந்தாய்வில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே இந்த இடங்கள் நிரப்பப்பட்டு வந்திருக்கின்றன. ஆனால் 2021-ல் மத்திய அரசு கொண்டு வந்த தேசிய துணை மருத்துவத் தொழில் ஆணையச் சட்டத்துக்குப் பிறகு பாடத்திட்டமும் சேர்க்கை விதிகளும் மாறி வருகின்றன. அந்தச் சட்டம் 'பிசிஷியன் அசோசியேட்' என்ற பெயரைப் பயன்படுத்துகிறது. எனவே இரண்டு பெயரையும் பார்த்துக் குழம்ப வேண்டாம். போன வருடம் பக்கத்து வீட்டுப் பிள்ளை எப்படிச் சேர்ந்தது என்பதை வைத்து முடிவெடுக்காமல், இந்த வருடத்துத் தகவல் குறிப்பேட்டை முழுதாகப் படியுங்கள்.

கலந்தாய்வில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு. அதற்குச் சான்றிதழில் வெறுமனே 'முஸ்லிம்' என்று இருந்தால் போதாது. லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), தக்னி, மாப்பிள்ளா, ஷேக், சையத், அன்சார், தூதேகுலா ஆகிய ஏழில் ஒன்றாக இருக்க வேண்டும். கடைசி நேரத்தில் இந்தச் சான்றிதழுக்காக தாலுகா அலுவலகத்தில் அலைகிற குடும்பங்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம்.

தனியார் கல்லூரி என்றால் கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். இந்தப் படிப்பின் உயிர் மருத்துவமனையில் இருக்கிறது. கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை உண்டா? அதில் நோயாளிகள் உண்மையிலேயே இருக்கிறார்களா, கட்டில்கள் மட்டும்தானா? ஒரு நாள் காலை பத்து மணிக்கு நீங்களே போய் வெளிநோயாளிகள் பகுதியில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், தெரிந்துவிடும். பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும் என்பதை எழுத்தில் கேளுங்கள். நான்காம் வருடப் பயிற்சியின்போது உதவித்தொகை தருவார்களா, இல்லை அதற்கும் கட்டணம் வாங்குவார்களா என்று கேளுங்கள். கடந்த வருடம் படித்து முடித்த இரண்டு பேரின் தொலைபேசி எண்ணைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் நீங்களும் தயங்குங்கள்.

'டாக்டர் அசிஸ்டண்ட்' என்ற பெயரில் ஆறு மாத, ஒரு வருடச் சான்றிதழ் வகுப்புகளும் ஊருக்கு ஊர் நடக்கின்றன. அவை வேறு, இந்தப் பட்டம் வேறு. மருத்துவம் சார்ந்த படிப்புகளைத் தொலைதூரக் கல்வியாகவோ ஆன்லைனிலோ நடத்துவதற்கு 2025-ல் யுஜிசி தடை விதித்துவிட்டது. 'வீட்டிலிருந்தே படிக்கலாம்' என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

செலவு விஷயத்தில் ஒன்று. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் இருக்கின்றன. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. வட்டிக் கடனுக்கு ஓடும் முன் மஹல்லா பைத்துல்மாலிடம் பேசுங்கள். ஏழை மாணவருக்கு ஜகாத்திலிருந்து உதவலாம். கேட்கத்தான் நம்மவர்கள் வெட்கப்படுகிறார்கள்.

உம்மம்மாவிடமிருந்து தொடங்கும் பாடம்

இப்போது பிள்ளைகளுக்கு. புத்தகம் வாங்குவதற்கு முன் செய்யக்கூடிய ஒரு பயிற்சி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு உம்மம்மாவிடம் போய் உட்காருங்கள். அவர் உடம்புக்கு என்ன செய்கிறது என்று கேட்டு எழுதுங்கள். என்ன தொந்தரவு, எப்போதிலிருந்து, எது செய்தால் கூடுகிறது, எது செய்தால் குறைகிறது, முன்பு என்ன நோய் வந்தது, என்ன ஆபரேஷன் நடந்தது, இப்போது என்னென்ன மாத்திரை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, குடும்பத்தில் யாருக்கு என்ன நோய். இந்த வரிசைதான் மருத்துவமனையில் 'ஹிஸ்டரி எடுப்பது' என்று சொல்லப்படும். பிசிஷியன் அசிஸ்டண்ட்டின் அன்றாட வேலையில் பெரும்பங்கு இதுதான்.

எழுத ஆரம்பித்தால் எவ்வளவு கடினம் என்பது தெரியும். "மயக்கமா வருது" என்பார். தலை சுற்றுவதையும் மயக்கம் என்கிறோம். கண் இருட்டிக்கொண்டு வருவதையும் மயக்கம் என்கிறோம். நினைவு தப்பி விழுவதையும் மயக்கம் என்கிறோம். டாக்டருக்கு இவை மூன்றும் மூன்று வெவ்வேறு நோய்களின் வாசல். "மயக்கம்னா எப்படி? சுத்துற மாதிரியா, விழுந்துட்டீங்களா?" என்று திரும்பக் கேட்கத் தெரிய வேண்டும்.

"நெஞ்சுல வாய்வு புடிச்சிருக்கு" என்பார். நம் ஊரில் மாரடைப்பு வந்த எத்தனையோ பேர் அதை வாய்வு என்று நினைத்து ஓமத் தண்ணீரும் சோடாவும் குடித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்திருக்கிறார்கள். நோயாளி சொன்ன 'வாய்வு' என்ற வார்த்தையை அப்படியே கேஸ் ஷீட்டில் 'கேஸ் ட்ரபிள்' என்று எழுதிவிட்டால், அடுத்து வந்து படிப்பவரும் அதையே நம்புவார். வலி கைக்குப் பரவியதா, வியர்த்ததா, நடந்தால் கூடியதா என்று கேட்டு எழுத வேண்டும்.

"சுகர் இருக்கா?" என்று கேட்டால் "இல்லை" என்பார். அலமாரியைத் திறந்தால் மெட்ஃபார்மின் மாத்திரை அட்டை இருக்கும். "மாத்திரை சாப்பிடுறேன்ல, அதான் இப்ப இல்லை" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில், கட்டுக்குள் இருந்தால் இல்லை என்றுதான் அர்த்தம். ஆகவே "என்ன நோய்" என்று மட்டும் கேட்காமல், "என்ன மாத்திரை, கொண்டுவந்து காட்டுங்கள்" என்றும் கேட்க வேண்டும். ஆபரேஷனுக்கு வந்த ஒருவர் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லாமல் விட்டால் மேஜையில் ரத்தம் நிற்காது. நாட்டு மருந்து, தெரிந்தவர் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த மாத்திரை, இவற்றையெல்லாம் கேட்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஹதீஸ் கலை படித்தவர்களுக்கு இது புதிதல்ல. அறிவிப்பாளர் தான் கேட்டதைக் கேட்டபடி சொல்ல வேண்டும், தன் ஊகத்தை நடுவில் சேர்த்துவிடக் கூடாது என்பதற்காகவே ஒரு கலை வளர்ந்தது. நோயாளியின் வார்த்தையை முதலில் அவர் சொன்னபடி எழுது, உன் கருத்தைத் தனியாக எழுது என்று மருத்துவமனையில் சொல்வதும் அதே ஒழுக்கம்தான். வகுப்பு தொடங்குவதற்குள் உறவில் ஐந்து பேரிடம் இப்படிக் கேட்டு எழுதிப் பழகினால் போதும். கேட்க மட்டும் செய்யுங்கள், வைத்தியம் சொல்லாதீர்கள். எழுதிய நோட்டையும் யாரிடமும் காட்டாதீர்கள்.

அந்தக் கடைசி வரியை ஒரு தடவை நின்று படியுங்கள். நம் மஹல்லாக்களில் யாருக்கு என்ன நோய் என்பது டீக்கடை வரை போகிறது. அதனால் நின்றுபோன கல்யாணங்கள் உண்டு. மருத்துவமனையில் பார்த்தது, கேட்டது எல்லாம் அமானிதம். உம்மாவிடம்கூடச் சொல்லக் கூடாது. "நம்ம தெரு ஆள்தானே, என்னவாம்" என்று உம்மாவும் கேட்கக் கூடாது. வார்டில் எடுத்த போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பது எத்தனை பேருக்கு வேட்டு வைக்கும் என்று பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லி அனுப்புங்கள்.

ஆங்கிலம் எனும் மலை

தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் முதல் தேர்வில் சறுக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் பாடம் அல்ல, பாடத்தின் பெயர்கள். உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் என்று எல்லாம் ஒன்றாக வந்து விழும்போது ஒவ்வொரு பக்கத்திலும் முப்பது புது வார்த்தை. மனப்பாடம் செய்ய முயன்றால் மூச்சு முட்டும்.

மதரஸாவில் ஸர்ஃப் படித்தவர்களுக்கு ஒரு வழி உடனே புரியும். அரபியில் க-த-ப என்று மூன்றெழுத்து வேர் ஒன்று தெரிந்தால் கிதாப், காதிப், மக்தப், மக்தூப் எல்லாம் தானே திறக்கின்றன. மருத்துவ ஆங்கிலத்துக்கும் இப்படி வேர்கள் உண்டு. கிரேக்கத்திலிருந்தும் லத்தீனிலிருந்தும் வந்தவை. கார்டியோ என்றால் இதயம். நெஃப்ரோ சிறுநீரகம். ஹெப்பட்டோ கல்லீரல். கேஸ்ட்ரோ இரைப்பை. ஆர்த்ரோ மூட்டு. பின்னால் ஒட்டுபவை சில: 'ஐட்டிஸ்' வந்தால் அழற்சி, 'எக்டமி' வந்தால் வெட்டி அகற்றுவது, 'ஸ்கோபி' வந்தால் கருவி விட்டு உள்ளே பார்ப்பது. இனி கேஸ்ட்ரைட்டிஸ், ஆர்த்ரைட்டிஸ், ஹெப்பட்டைட்டிஸ், நெஃப்ரெக்டமி, கேஸ்ட்ரோஸ்கோபி ஆகியவற்றின் பொருளை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு 10 வேர் அல்லது ஒட்டு என்று ஒரு மாதம் செய்தால் 300. முதல் வருடத்தின் பாதி பயம் அதில் போய்விடும்.

இதில் ஒரு எச்சரிக்கை. ஹைப்பர் என்றால் அதிகம், ஹைப்போ என்றால் குறைவு. காதுக்கு ஏறக்குறைய ஒன்று போலவே விழும். ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போவது ஹைப்போகிளைசீமியா. அவருக்கு உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும். இதை மாற்றிக் கேட்டு இன்சுலின் போட்டால் என்ன ஆகும்? அளவுகளும் அப்படித்தான். மில்லிகிராமுக்கும் மைக்ரோகிராமுக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம். தைராய்டு மாத்திரை மைக்ரோகிராமில் வரும். தசமப் புள்ளி ஒன்று தவறினால் பத்து மடங்கு. பள்ளிக்கூடத்தில் கணக்கில் புள்ளியை விட்டால் அரை மார்க் போகும். இங்கே போவது அது அல்ல. அலகு மாற்றும் கணக்குகளை இந்த விடுமுறையில் மறுபடி போட்டுப் பாருங்கள்.

உடம்பும் தொழுகையும்

ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசியைச் சின்ன வயதில் போட்டதற்கு அட்டை இருக்கிறதா என்று தேடுங்கள். போடவில்லை என்றால் இப்போதே தொடங்க வேண்டும். முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. முழுப் பாதுகாப்புக்கு ஆறு மாதம் ஆகும். வார்டில் ஊசி குத்திக்கொண்ட பிறகு யோசிப்பது தாமதம். கல்லூரி கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

உடற்கூறியல் கூடத்தில் முதல் நாள் இறந்த உடலைப் பார்த்துப் பயப்படுவதும் சாப்பாடு இறங்காமல் இருப்பதும் எல்லாருக்கும் நடப்பதுதான். சில நாட்களில் பழகிவிடும். பழகிய பிறகு அந்த உடலை வைத்துக் கேலி பேசாமல் இருப்பதுதான் கஷ்டமான பகுதி. இறந்தவரின் உடலுக்கும் கண்ணியம் உண்டு என்று நம் வீட்டில் சொல்லிக் கொடுத்ததை அங்கே நினைவில் வைத்தால் போதும்.

பெண் பிள்ளைகளின் பெற்றோர் ஹிஜாபைப் பற்றிக் கேட்கிறார்கள். வார்டில் பெரும்பாலும் சிக்கல் வருவதில்லை. ஆபரேஷன் தியேட்டரில் வெளியிலிருந்து அணிந்து வந்த துணி எதுவும் கூடாது. இது கிருமி சம்பந்தப்பட்ட விஷயம், மதம் சம்பந்தப்பட்டது அல்ல. காதையும் கழுத்தையும் மூடும் ஹுட் வடிவத் தொப்பிகள் இருக்கின்றன. கல்லூரியில் அது கிடைக்குமா என்று சேரும் முன்பே மரியாதையாகக் கேட்டுவிடுங்கள். கையை முழங்கை வரை கழுவுவதற்குத் தனி இடம் உண்டு, கழுவியதும் முழுக்கை அங்கி வந்துவிடும். ஆண் நோயாளியைப் பரிசோதிக்க வேண்டி வருமே என்றால், வரும். சிகிச்சைக்குத் தேவையான அளவுக்கு அனுமதி உண்டு, அந்த அளவைத் தாண்டக் கூடாது என்பதே ஃபிக்ஹின் பொது விதி. நம் வீட்டுப் பெண்களை மருத்துவமனைக்கு அழைத்துப் போனால் "லேடீஸ் யாராவது இருக்காங்களா" என்றுதான் முதலில் கேட்கிறோம். அந்த லேடீஸ் எந்த வீட்டிலிருந்து வர வேண்டும் என்று மட்டும் யோசிப்பதில்லை.

தொழுகை நேரத்தில் ஆபரேஷன் நீண்டுவிட்டால் என்ன செய்வது என்று மாணவர்கள் கேட்கிறார்கள். கைகழுவி மேஜை அருகே நின்றுவிட்டவர், நோயாளியின் உயிரை அப்படியே விட்டுவிட்டு வர முடியாது. இப்படிப்பட்ட நிர்ப்பந்தத்தில் என்ன சலுகை உண்டு என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளில் வேறுபாடு இருக்கிறது. எனவே அந்த நாள் வருவதற்கு முன்பே உங்கள் ஊர் ஆலிமிடம் உட்கார்ந்து விளக்கமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அது அபூர்வமான நாளுக்கு உள்ள சலுகை. மற்ற நாட்களில் பத்து நிமிடம் கேட்டால் பெரும்பாலான சீனியர்கள் கொடுக்கிறார்கள், வேலையைப் பாதியில் போட்டுவிட்டுக் காணாமல் போகாதவராக நீங்கள் இருந்தால்.

வெளிநாட்டுக் கனவு

'இதைப் படித்தால் அமெரிக்காவில் பிசிஷியன் அசிஸ்டண்ட்' என்று சொல்லிச் சேர்க்கிற ஏஜெண்டுகள் உண்டு. அமெரிக்காவில் இது முதுகலைப் படிப்பு. அங்குள்ள உரிமத் தேர்வை எழுத அங்கே அங்கீகரிக்கப்பட்ட கல்லூரியில் படித்திருக்க வேண்டும். இந்தியாவில் பெற்ற பி.எஸ்சி. பட்டத்தை வைத்து நேராக அந்தத் தேர்வை எழுத முடியாது. வளைகுடா என்றால் ஒவ்வொரு நாட்டின் சுகாதார உரிமத் துறையும் எந்தப் பதவிக்கு எந்தப் பட்டம், எத்தனை வருட அனுபவம் என்று பட்டியல் வைத்திருக்கிறது. சான்றிதழைப் பல்கலைக்கழகத்திடமே கேட்டுச் சரிபார்ப்பார்கள். ஏஜெண்ட் சொல்வதை விட்டுவிட்டு அந்தப் பட்டியலைப் பாருங்கள். முதலில் இங்கே ஒரு நல்ல மருத்துவமனையில் இரண்டு மூன்று வருடம் வேலை பார்ப்பதுதான் எதற்கும் அடித்தளம்.

கடைசியாக, ஸ்டெதாஸ்கோப். இடம் கிடைத்த மறுநாளே விலை உயர்ந்த ஒன்றை வாங்கிக் கழுத்தில் மாட்டிப் போட்டோ எடுக்கிறார்கள். அவசரம் வேண்டாம், எது வேண்டும் என்று கல்லூரியில் சொல்வார்கள். இப்போது வாங்க வேண்டியது விநாடி முள் உள்ள ஒரு சாதாரணக் கைக்கடிகாரம். உம்மம்மாவின் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து, ஒரு நிமிடம் முழுதாக நாடியை எண்ணி, நோட்டில் தேதியோடு எழுதட்டும். 60-க்கும் 100-க்கும் நடுவில் இருக்க வேண்டும். அதற்கு மேலோ கீழோ தொடர்ந்து இருந்தால், உம்மம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போகச் சொல்லுங்கள்.